மூஞ்சியில் வந்த ரோசம்

நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால், பின்னால் வருவதை வாசித்துவிட்டு இது ஏதோ ஒரு கோமாளியின் கதை என்று நினைத்துவிடுவீர்கள்.

ஹட்டன் டவுனில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி மேலே ஏறும் வளைவில் ஒரு பேக்கரி இருக்கிறது. அது நான் கட்டியது. கட்டியது என்றால் காசு கொடுத்துக் கட்டியது இல்லை. பாண் வேகும் போறணை அடுப்புக்குச் செங்கல் அடுக்கியதே இந்தக் கைதான். (போறணை வளைவு கட்ட வந்த மேசன் பாஸ் "இது நிக்காது" என்று சொல்லிவிட்டுப் பாதியில் போய்விட்டார். அவர் போய்ச் சேர்ந்து பல வருசம் ஆகிறது, வளைவு இன்னும் நிற்கிறது.) திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே பெய்துகொண்டிருக்கும் லயத்து வரிசையின் ஒற்றைக் காம்பராவில் பிறந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். நட்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். கொழும்பில் பேக்கரித் தட்டுக் கழுவி, மா பிசைந்து, விறகு தள்ளி, தொழிலைக் கண்ணாலேயே களவெடுத்துக்கொண்டு ஊர் வந்தேன். "தோட்டத்துப் பையன் போடுற பாணை டவுன்காரன் வாங்குவானா?" என்று சிரித்தார்கள். இன்றைக்கு முதல் பஸ் டிரைவர் என் பணிஸைக் கடிக்காமல் கியர் போடமாட்டார்.

இன்னும் இருக்கிறது. மெயின் ரோட்டில் மாடி வீடு. பிறந்த லயத்துக்குத் தண்ணீர்க் குழாய். மாரியம்மன் கோயில் முன்மண்டபத்துக்கு டைல்ஸ். (வழுக்குகிறது என்கிறார்கள். கோயிலில் நிதானமாகத்தான் நடக்க வேண்டும்.) மாவும் இல்லை, கேஸும் இல்லை என்று நாடே வரிசையில் நின்ற காலத்தில் பழைய விறகுப் போறணையைத் தட்டி எழுப்பி, கிடைத்த மாவில் பாண் போட்டுக் கொடுத்தவன் நான். என் மகன் சுகுமாரைப் படிக்க வைத்து, வாத்தியாராக்கி, வலப்பனைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் உட்கார வைத்தேன்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. ஒரு சொட்டுச் சாராயம் என் நாக்கில் பட்டதில்லை. நான் பிறந்த லயத்தில் அது மாடி வீட்டைவிடப் பெரிய சாதனை.

அப்படிப்பட்ட என்னை, என் சொந்த வீட்டு ஹோலில், நான் வாங்கிப் போட்ட கதிரையில் உட்கார்ந்துகொண்டு, குடிகாரன் என்று முடிவு கட்டிவிட்டு எழும்பிப் போனார் ஒரு அம்மா. அதுவும் நான் ஆசை ஆசையாகச் சம்பந்தியாக்க நினைத்த அம்மா.

முகம் எப்போது சிவக்கத் தொடங்கியது என்று எனக்கே சரியாகத் தெரியாது. கொரோனா காலத்தில் எல்லாரையும் போல நானும் மாஸ்க் போட்டிருந்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்று யார் பார்த்தார்கள்? அதற்குப் பிறகு வந்தது விறகுப் போறணை. வேலைக்காரப் பையன்கள் பாதிப் பேர் கொழும்புக்குப் போய்விட்டதால் நெருப்புக்கு முன்னால் நின்றது நான்தான். நாடு ஒருமாதிரி நிமிர்ந்து, எல்லாரும் மாஸ்க்கைக் கழற்றி வீசிய பிறகு கண்ணாடியில் பார்த்தால் மூக்கு ஜம்புப் பழம் மாதிரி இருக்கிறது. இரண்டு கன்னமும் அறை வாங்கிய மாதிரி. மேலே பொட்டுப் பொட்டாகப் பொரி. என் தொழில் பாசையில் சொன்னால், கிம்புலா பணிஸ் மேல் சீனி ஒட்டியது போல.

கடைக்கு வருகிறவன் எல்லாம் வைத்தியரானான். ஒருவன் நுளம்புக்கடி என்றான். ஒருவன் சவர பிளேடு என்றான். பூசாரி செவ்வாய் என்றார். என் மனைவி பாக்கியம், "ஒடம்புச் சூடு, வெந்தயத்த ஊறப் போட்டுக் குடிங்க" என்றாள். குடித்தேன். வயிறு குளிர்ந்தது, மூக்கு அப்படியே இருந்தது. பஸ் டிரைவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "மொதலாளி, காலையிலேயேவா?" என்றார். அப்போதுதான் எனக்கு விசயம் விளங்கியது. எங்கள் பக்கத்தில் மூக்கும் கன்னமும் சிவந்து பொரிந்திருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சாராயத் தவறணையில் ஆளுக்குக் கணக்கு இருக்கிறது.

தவறணை என்றதும் என் மச்சான் வீரமுத்துவைச் சொல்ல வேண்டும். பாக்கியத்தின் தம்பி. தவறணைக் கதவு அவனைக் கண்டுதான் திறக்கும் என்று ஊரில் பேச்சு. ஆனால் கடவுளின் ஓரவஞ்சனையைப் பாருங்கள். அவன் முகம் நெய் தடவிய பித்தளைச் சொம்பு போல மினுங்கும். ஒரு பொரி இல்லை, ஒரு சிவப்பு இல்லை. வெள்ளைச் சட்டை போட்டு, தலையை வாரி, நெற்றியில் ஒரு விபூதிக் கீற்றும் இழுத்துவிட்டான் என்றால் கோயில் தர்மகர்த்தா அவன்தான் என்று எவரும் சத்தியம் பண்ணுவார்கள்.

இந்தச் சமயத்தில்தான் சுகுமார் ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் மென்றுகொண்டே ஒரு பெயரைச் சொன்னான். தர்ஷினி. அவனோடு அதே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். அப்பா இல்லை. அம்மா மருதாயி, கொழுந்து பறித்தே மகளை டீச்சராக்கியவர்.

"அவங்க சாதகம் கேக்கலப்பா. வீடு வாசல் கேக்கல. ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாங்க" என்றான்.

"என்னடா?"

"குடிக்கிற வீட்டுக்குப் பொண்ணு தர மாட்டாங்களாம். தர்ஷினியோட அப்பா கசிப்புச் சாராயம் குடிச்சே செத்தவரு. தர்ஷினியும் அம்மா பேச்சத் தாண்டி வர மாட்டா."

நான் சோற்றுக் கையோடு தொடையைத் தட்டினேன். "டேய், அது எனக்குன்னே செஞ்ச கண்டிசன்டா. இந்த ஜில்லாவுல என்ன மாதிரி ஒரு மாமனார் அந்தப் புள்ளைக்குக் கெடைக்குமா?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"அப்பா, அவங்க வீடு பாக்க வர்றதுக்குள்ள அந்த மூஞ்சிய மட்டும் கொஞ்சம் கவனிங்க."

கவனித்தேன். அதுதான் பிழை. வீரமுத்து வளையலும் பவுடரும் விற்கும் பென்சி கடையிலிருந்து ஒரு சின்ன ட்யூப் கொண்டுவந்தான். பெட்டியில் ஒரு பொம்பளை இடது பக்கம் கறுப்பாகவும் வலது பக்கம் பால் வெள்ளையாகவும் சிரித்துக்கொண்டிருந்தாள். "ராவைக்குப் பூசுங்க மச்சான், விடிஞ்சா நீங்களே ஒங்களுக்கு வணக்கம் வைப்பீங்க" என்றான். உண்மையாகவே சிவப்பு இறங்கியது. பொரி அமுங்கியது. நான் கடையில் கல்லாவை விட்டு வெளியே வந்து, வாசலில் நின்றே வியாபாரம் பார்த்தேன், முகத்தை நாலு பேர் பார்க்கட்டும் என்று. ட்யூப் முடிந்தது. முகம் சரியாகிவிட்டதே என்று அடுத்தது வாங்கவில்லை. மருதாயி அம்மா வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால், போன சிவப்பு போன இடத்திலிருந்து சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. நெற்றி, தாடை, கண்ணுக்குக் கீழே என்று புது இடங்களிலும் குடியேறியது. தண்ணீர் பட்டாலே எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கண்ணாடியின் முன் நின்று பொரிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, வீரமுத்து பஞ்சும் ஒரு கால் போத்தலுமாக வந்தான்.

"இது என்னடா?"

"மருந்து."

"இது சாராயம்."

"குடிச்சாத்தான் சாராயம் மச்சான். தடவினா மருந்து. ஆஸ்பத்திரில ஊசி போடுறதுக்கு முன்னுக்கு என்ன தடவுறாங்க? ஸ்பிரிட்டுதானே. இதுலயும் ஸ்பிரிட்டுதானே இருக்கு. கிருமி நிக்குமா?"

அன்றைக்கு அந்தப் பேச்சில் எனக்கு ஓட்டையே தெரியவில்லை. (இன்றைக்கும் அவன் சொன்னால் ஒரு நிமிசம் யோசிக்கத்தான் செய்வேன். அவ்வளவு நன்றாகப் பேசுவான்.) நாக்கில் படாதவரை என் விரதம் முறியாது என்று தீர்ப்பு எழுதிக்கொண்டு கண்ணை மூடினேன். அவன் பஞ்சை நனைத்து நெற்றியிலிருந்து தாடை வரை ஒற்றி எடுத்தான். பச்சை மிளகாய்ச் சம்பலில் முகம் கழுவியது போல இருந்தது. மிச்சத்தை வீணாக்கக் கூடாது என்று அவன் என்ன செய்தான் என்பதை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு பாக்கியம் வாடை தெரியாமல் இருக்கப் பவுடர் அப்பினாள். அடியில் சிவப்பு, மேலே வெள்ளை. பிறந்தநாள் கேக்குக்கு ரோஸ் கலர் ஐசிங் போடும் என் கடைப் பையன் பார்த்தால் தொழில் பழகியிருப்பான்.

மருதாயி அம்மா நாலைந்து சொந்தக்காரர்களோடு வந்தார். மெலிந்த உருவம். கையெல்லாம் கொழுந்துக் கறை. கண் மட்டும் தராசு மாதிரி. உள்ளே வந்ததும் மாடியைப் பார்க்கவில்லை, டைல்ஸைப் பார்க்கவில்லை, ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தார். வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக ஜன்னலோரம் காற்றுப் பக்கம் நின்ற வீரமுத்துவைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"இந்த அண்ணன் யாருங்க? என்ன ஒரு அமைதியான மொகம்."

"என் தம்பிங்க" என்றாள் பாக்கியம், பாதிக் குரலில்.

"இப்பிடி ஒரு ஆளு குடும்பத்துல இருக்கிறது பெரிய பலம்ங்க."

வீரமுத்து கைகூப்பினான். வாயைத் திறக்கவில்லை. (ஏன் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.)

சுகுமார் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பாக்கியம் கொண்டுவந்த தேத்தண்ணியை, ஆவி பறக்கப் பறக்க, ஒரே மூச்சில் இறக்கினேன். உறைப்பு வடை ஒன்றை முழுசாகப் போட்டேன். அடுத்த நிமிசமே கழுத்திலிருந்து சூடு ஏறத் தொடங்கியது. கன்னம் கொதித்தது. வேர்த்தது. பவுடர் வாய்க்கால் வாய்க்காலாகக் கரைந்து, அடியில் இருந்த சிவப்பு விடியல் போல வெளியே வந்தது. அதோடு சூட்டில் அந்த வாடையும் எழும்பியது.

மருதாயி அம்மாவின் மூக்கு அசைந்தது. ஒரு தரம். பிறகு இன்னொரு தரம்.

"அண்ணே, நீங்க…" என்று இழுத்தார்.

நான் பொய் சொல்லத் தெரியாதவன். "குடிக்கலீங்க தங்கச்சி. மூஞ்சில தடவினேன்" என்றேன்.

மருதாயி அம்மா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எங்க வீட்டுக்காரரும் அப்பிடித்தாங்க சொல்லுவாரு. கால் வலிக்குத் தடவினேன்னு."

எழும்பினார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது வீரமுத்துவிடம் திரும்பி, "அண்ணே, நீங்களாவது இவருக்குப் புத்தி சொல்லக் கூடாதா?" என்றார்.

அந்தப் படுபாவி பெருமூச்சு விட்டான். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன் தங்கச்சி" என்றான்.

சுகுமார் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவன் வடைத் தட்டுகளை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, அடுத்த நாள் பஸ்ஸுக்கு உடுப்பு மடித்தான். இத்தனை கட்டியவன், பெற்ற பிள்ளைக்கு ஒரு கல்யாணத்தைக் கட்ட முடியாமல், கட்டியிருந்ததையும் இடித்துவிட்டுக் குசினியில் நின்றேன்.

அந்த வாரமே அவன் போன் பண்ணினான். தர்ஷினி அவனிடம் சொன்னாளாம்: "அம்மா சொன்னதக் கேட்டா எனக்கு மாமா மேல சந்தேகமே வரல. பொய் சொல்றவரா இருந்தா இதவிட நல்ல பொய்யா சொல்லியிருப்பாரு. அவர நுவரெலியாவுல தோல் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க." அந்தப் பிள்ளை என்னை ஒரு தடவைகூடப் பார்க்காமலேயே என்னை நம்பியது. நான் போனை வைத்துவிட்டு மா மூட்டைமேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கிளினிக்கில் இருந்தது ஒரு சிங்கள டொக்டர் மிஸ். என் முகத்தை லைட் அடித்துப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். என்ன வேலை, என்ன சாப்பாடு, என்ன பூசினாய் என்று கேட்டார். நான் சட்டைப் பையில் இருந்த காலி ட்யூப்பை நீட்டினேன். அதைப் பார்த்ததும் அவர் முகமும் கொஞ்சம் சிவந்தது.

"இத யாரு தந்தாங்கன்னு கேக்குறாங்க" என்றார் பக்கத்தில் நின்ற தமிழ் நேர்ஸ்.

"என் மச்சான்."

"மச்சான் டொக்டராமா?"

"இல்ல மிஸ். அவரு வேற லைன்ல இருக்காரு."

டொக்டர் மிஸ் என்னவோ எழுதிக்கொண்டே, "ஒயாட்ட தியென்னே ரொசேசியா" என்றார்.

சிங்களம் எனக்கு நன்றாகத் தெரியும். உங்களுக்கு இருப்பது என்கிறார், அது விளங்கிவிட்டது. கடைசிச் சொல் றொசல்ல என்று காதில் விழுந்ததால், எங்கே இருப்பது என்று ஊரைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "றொசல்ல இல்ல மிஸ். றொசல்ல வட்டவளைக்குக் கிட்ட. நான் ஹட்டன்" என்றேன்.

டொக்டர் பேனையை வைத்துவிட்டார். நேர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. பிறகு அவர்தான் பொறுமையாகத் தமிழில் சொன்னார். "ஐயா, அது ஊர் இல்ல, தோல்ல வர்ற வருத்தத்தோட பேரு. ரொ-சே-சியா. மொகம் செவந்து பொரிப்பொரியா வர்றதுக்கு எத்தனையோ காரணம் இருக்கு. பருவா இருக்கும். பூசின க்ரீம் ஒத்துக்காம இருக்கும். வேற உள்வருத்தத்தோட அடையாளமாவும் இருக்கும். அதனால பாக்காம மருந்து போடக் கூடாது."

"பாத்துட்டுத்தான் போட்டேன் மிஸ். கண்ணாடில."

"ஒங்களுக்கு இருக்கிறது இதுதானாம். அந்த ட்யூப்ல மறைச்சு வச்சு, விட்டதும் ரெண்டு மடங்கா வந்திருக்கு. வெயில், போறணைச் சூடு, குளிர் காத்து, உறைப்பு, கோவம், கொதிக்கிற தேத்தண்ணி, இதெல்லாம் கூட்டும்."

"சாராயம்?"

"குடிச்சா அதுவும் கூட்டும். ஆனா இது குடியால வந்த வருத்தம் இல்ல. குடிக்காதவங்களுக்கும் வரும்."

நான் எழும்பி நின்றுவிட்டேன். "மிஸ், அந்தக் கடைசி வசனத்தை இன்னொருக்காச் சொல்லுங்க" என்றேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்கும்படி அவர் சொன்னார். முழுசாக மாறும் என்று சொல்ல முடியாது, ஆனால் மருந்தும் கவனமும் இருந்தால் அடங்கி இருக்கும் என்றும் சொன்னார். பூச்சு மருந்து, விழுங்கக் குளிசை, வெயிலுக்கு ஒரு க்ரீம் தந்தார்கள். போறணைக்கு முன்னால் வேறு ஆளை நிறுத்தவும், தேத்தண்ணியை ஆற வைத்துக் குடிக்கவும் சொன்னார்கள். தேயிலைக்குள் பிறந்து வளர்ந்தவனுக்குச் சூடான தேத்தண்ணி ஆகாது என்றால், மீனுக்குத் தண்ணீர் ஆகாது என்ற மாதிரிதான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பெயரை மறந்துவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். வரும்போது அது வாயில் தேய்ந்துவிட்டது.

"என்ன வருத்தமாம்?" என்று கேட்டாள் பாக்கியம்.

"ரோசமாம்."

அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது ஒங்களுக்கு இருக்குன்னு நான் கல்யாணமான நாள்ல இருந்து சொல்றேன். அதுக்கு நுவரெலியா வரைக்கும் போகணுமா?"

"இது மூஞ்சில வர்ற ரோசம்டி."

"ஒங்களுக்கு எப்பவும் மூஞ்சிலதானே வரும்."

மருந்து பிடித்தது. பொரி மெல்ல மெல்ல அடங்கியது. சிவப்பு மட்டும் கொஞ்சம் பாக்கி. நான் வலப்பனைக்கு, மருதாயி அம்மா வீட்டுக்கே போவதென்று முடிவெடுத்தேன். இந்தத் தடவை பவுடர் இல்லை, பஞ்சு இல்லை. கழுவிய முகத்தோடு, பாக்கியத்தையும் சுகுமாரையும் கூட்டிக்கொண்டு த்ரீவீலரில் ஏறினேன். வீரமுத்துவும் ஏறினான். "அந்தத் தங்கச்சிக்கு என் மேலதான் மதிப்பு. நான் சொன்னாத்தான் எடுபடும்" என்றான். மறுக்க முடியவில்லை. உண்மையும் அதுதானே.

மருதாயி அம்மா எங்களைக் கண்டதும் வாசலிலேயே நின்றார். வீரமுத்துவுக்கு மட்டும் கதிரை போட்டார். பின்னால் நின்ற தர்ஷினி என்னைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தாள். நான் நின்றபடியே சொன்னேன்.

"தங்கச்சி, எனக்கு ஒரு பிளேன்டி வேணும். கொதிக்கக் கொதிக்க. குடிச்சா என் மூஞ்சி செவக்கும். நீங்க கிட்ட வந்து பாருங்க. அவ்வளவுதான் நான் கேக்குறது."

"தேத்தண்ணி குடிச்சா மூஞ்சி செவக்குமா? நான் பொறந்ததுல இருந்து குடிக்கிறேன்."

"ஒங்களுக்குச் செவக்காது. எனக்குச் செவக்கும். நுவரெலியா டொக்டர் சொன்னாங்க."

அவர் என்னை நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு மனுசன் வெறும் தேத்தண்ணி கேட்டால் இல்லை என்று சொல்லும் பழக்கம் எங்கள் ஆட்களுக்குக் கிடையாது. அடுப்பிலிருந்து நேராக ஊற்றிக் கொடுத்தார். நாக்கு வெந்தது. குடித்தேன். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். லயத்து அக்காமார் இரண்டு மூன்று பேர் வாசலுக்கு வந்தார்கள்.

"ஒண்ணும் காணல."

"பொறுங்க, பொறுங்க. கழுத்துக்கிட்ட பாருங்க."

"அட, ஏறுது அக்கா. காதுக்கு ஏறிருச்சு."

"மூக்குக்கும் வந்துருச்சு. ஐயோ, சிக்னல் லைட்டு மாதிரி இருக்கு."

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் முன்னால் நின்றிருக்கிறேன், திறப்பு விழாவில் நாடா வெட்டியிருக்கிறேன். அவ்வளவு ஆர்வமாக என்னை யாரும் பார்த்ததில்லை. மருதாயி அம்மா கிட்ட வந்தார். "கோவிச்சுக்காதீங்கண்ணே. ஊதுங்க" என்றார். ஊதினேன். தேயிலை வாடை மட்டும்தான். அவர் சந்தேகம் தீராமல், பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்த்து, "நீயும் பாருடி" என்றார். அந்த அக்கா என் முகத்தருகே மூக்கை நீட்டி, நெற்றியைச் சுருக்கி, தலையை இடது பக்கம் திருப்பி, அப்படியே நாய் மோப்பம் பிடிப்பதுபோல நகர்ந்து, கதிரையில் அமைதியாக உட்கார்ந்திருந்த வீரமுத்துவுக்கு முன்னால் போய் நின்றார்.

"வாடை இங்கேருந்துல்ல வருது."

வீரமுத்து எழும்பப் பார்த்தான். கதிரையில் சட்டை மாட்டிக்கொண்டது.

மருதாயி அம்மா அவன் முகத்தைப் பார்த்தார். நெய் மினுங்கும் முகம், விபூதிக் கீற்று. பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவன் முகம், என் முகம். அவன் முகம், என் முகம். இன்னொரு தரம் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். குடிக்கிற வீட்டுக்குப் பெண் தரமாட்டேன் என்றவர் முன்னால், கையும் வாயுமாக ஒரு குடிகாரனைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறேன். சுகுமார் தலையைக் குனிந்துகொண்டான்.

"இந்த அண்ணன் ஒங்க வீட்லயா இருக்காரு?"

"இல்லீங்க. தோட்டத்துல இருக்கான். ஆனா மச்சான். வெட்டி விட முடியாது" என்றேன்.

அந்த அம்மா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. எது சிரிப்பால் வந்தது, எது வேறு எதனால் வந்தது என்று எனக்குத் தெரியாது.

"அந்த மனுசன் போனதுல இருந்து நான் எல்லார் மூஞ்சியும் பாக்குறேன். பாத்தாலே கண்டுபுடிச்சுருவேன்னு நெனச்சேன். குடிச்சவரக் கதிரையில வச்சு, குடிக்காதவர நிக்க வச்சிருக்கேன்."

பிறகு எழும்பி வீரமுத்துவுக்கு முன்னால் போய் நின்றார். அவன் என்னைப் பார்த்தான், பாக்கியத்தைப் பார்த்தான், ஒருவரும் உதவிக்குப் போகவில்லை.

"அண்ணே, இந்தக் கல்யாணம் இப்ப ஒங்க கையில. பேச்சு முடிஞ்சு, பொண்ணு ஒங்க வீட்டுப் படி ஏறுற வரைக்கும் நீங்க தொடக் கூடாது. தொட்டீங்கன்னு என் காதுல விழுந்தா, தாலி கட்ட வந்த எடத்துலேருந்தும் என் புள்ளையக் கூட்டிட்டுப் போயிருவேன். சம்மதமா?"

அப்படி ஒரு கேள்வியை அவனிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. அவன் சுகுமாரைப் பார்த்தான். தூக்கி வளர்த்த பிள்ளை.

"சம்மதம் தங்கச்சி" என்றான்.

நாங்கள் புறப்படும்போது, வாசலில் நின்ற அக்காமாரில் ஒருத்தியின் மருமகள் துப்பட்டாவால் மூடியிருந்த முகத்தைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். அதே சிவப்பு. "மாமா, தர்ஷினி சொன்னா. நீங்க பூசினது பாதி கறுப்பு பாதி வெள்ளைப் படம் போட்ட ட்யூப்பா? நானும் அதத்தான் போடுறேன். விட்டா எரியுது, பூசினா அடங்குது" என்றாள். கிளினிக் எந்த நாளில், எந்த வாசலில் என்று சொல்லிக் கொடுத்தேன். போனாள் என்று பிறகு தர்ஷினி சொன்னாள். அவளுக்கு இருந்தது ரோசம் இல்லையாம், அந்த க்ரீம் செய்த வேலை மட்டும்தானாம். இப்போது துப்பட்டா தோளில் கிடக்கிறது.

வீரமுத்து தாக்குப்பிடித்தான். என் பேக்கரியில் வந்து உட்கார்ந்து பணிஸாகத் தின்று தீர்த்தான். தவறணைக்காரர் உடம்புக்கு முடியவில்லையோ என்று ஆள் விட்டு விசாரித்தார். கல்யாணத்தன்று மணவறைக்குப் பக்கத்தில் நின்றான், கண் தெளிவாக. மருதாயி அம்மா தூரத்தில் இருந்து மூக்கால் ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அதன் பிறகு இரண்டு தடவை தவறினான். ஆனால் திரும்பி வந்தான். இப்போது போறணைக்கு முன்னால் நிற்பது அவன்தான். நெருப்பு அந்த முகத்தை ஒன்றும் செய்வதில்லை.

என் வீட்டில் இன்றைக்கும் யார் தேத்தண்ணி ஊற்றினாலும் மருமகள் தர்ஷினி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: "மாமாவுக்கு ஆத்திக் குடுங்க. ஏறிட்டா அப்புறம் ரோட்டுல நிக்க மாட்டாரு." சம்பந்தி அம்மா வந்தால், "அண்ணே, எத்தனை கிளாஸ் ஆச்சு?" என்று கேட்பார். பேத்திக்கு இன்னும் பேச்சே சரியாக வரவில்லை. என் மூக்கைத் தொட்டு "பிளேன்டி" என்கிறது.

அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு ஒரே ஒரு வழக்குதான். குடும்பத்தில் எந்த விசேசம் நடந்தாலும் வீரமுத்து நடுவில் உட்கார்ந்துகொண்டு, "நான் நாக்கக் கட்டினதாலதான் இந்தக் கல்யாணம் நடந்துச்சு" என்கிறான். சுகுமார், "தர்ஷினி கிளினிக் சொன்னதாலப்பா" என்கிறான். பாக்கியம் மாரியம்மனுக்கு நேர்ந்ததால் என்கிறாள். கல்யாண வீடியோவில்கூட வீரமுத்து பக்கத்தில்தான் நட்சத்திரம் பறக்க விட்டிருக்கிறார்கள்.

நான் கேட்கிறேன். நாக்கு வெந்தது யாருக்கு? லயம் முழுக்க நின்று வேடிக்கை பார்த்தது யாருடைய மூஞ்சியை? அவன் குடிக்காமல் இருந்தான், சரி. குடிக்காமல் இருப்பதை நான் பிறந்ததிலிருந்து செய்கிறேன், ஒருத்தரும் நட்சத்திரம் விடவில்லை. ஆகவே இதை வாசிக்கிறவர்கள் ஹட்டன் பக்கம் வந்து, யாராவது இந்தக் கதையைச் சொல்லக் கேட்டால், தயவுசெய்து திருத்திச் சொல்லுங்கள். சுகுமாருக்கும் தர்ஷினிக்கும் கல்யாணம் பேசி முடித்தது வீரமுத்து இல்லை, மாரியம்மனும் இல்லை. என்னுடைய மூஞ்சி.